ஒரு ஜோடி ஸ்பீக்கர், ரெண்டு ஆம்ப்: ஒரு சுவிட்சின் கதை

வீட்டில் ரெண்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் சேர்ந்துவிட்டது. ஸ்பீக்கர் என்னவோ ஒரே ஒரு ஜோடிதான். பழசு ஒரு மாதிரி, புதுசு ஒரு மாதிரி கேட்கிறது என்று எனக்குத் திடமான நம்பிக்கை. புதுசுக்குக் கொடுத்த காசு அப்படி! ஒவ்வொரு முறையும் பின்பக்கம் தலையை விட்டு, ஒயரைக் கழற்றி, மாட்டி, பாட்டைத் திரும்பப் போட மூணு நிமிஷம் ஆகும். அதற்குள் முன்னால் கேட்ட ஒலி ஞாபகத்தில் இருக்குமா? நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தால் என்ன என்று தேடப்போனால், அந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. ரெண்டு ஆம்பின் ஒயரையும் சேர்த்து முறுக்கி ஒரே ஸ்பீக்கரில் கொடுத்துவிடாதீர்கள். டிரான்சிஸ்டர் ஆம்பின் உள்தடை பெரும்பாலும் ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒன்று பாடும்போது சும்மா இருக்கும் இன்னொன்று, பாடுகிற ஆம்புக்குக் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். புகை வரலாம். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் என்றால் சுமார் 28 வோல்ட், மூன்றரை ஆம்பியர். விளையாட்டில்லை. அதனால் சுவிட்ச் முதல் ஆம்பை முழுசாக விட்ட பிறகுதான் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். இடது, வலது இரண்டிலும் சிவப்பு, கறுப்பு என நாலு கம்பியையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில ஆம்புகளில் கறுப்பு முனை எர்த் கிடையாது; அதிலும் சிக்னல் ஓடும். வால்வு ஆம்பாக இருந்தால் இன்னொரு தொல்லை: ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னலோடு ஓடவிட்டால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆபத்து. ஸ்பீக்கர் அந்தப் பக்கம் போன நேரத்தில் இதற்கு ஒரு பெரிய ரெசிஸ்டராவது சுமையாக இருக்க வேண்டும்.

சரி, சண்டைக்கு வருவோம்.

1970-களில் வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. ஆனால் "வால்வில் இருந்த இனிமை இதில் இல்லை" என்ற குரல் ஓயவில்லை. இங்கிலாந்தில் குவாட் கம்பெனியை நடத்திய பீட்டர் வாக்கருக்கு இது சங்கடமான கேள்வி. ஏன் என்றால் ரெண்டு வகையும் அவருடைய தயாரிப்புதான்! அவர்கள் செய்த மூன்று ஆம்புகள் களத்தில் இறங்கின: 15 வாட் வால்வு ஆம்பான குவாட் 2, டிரான்சிஸ்டரில் 303, அதற்கு அடுத்த தலைமுறையான 405. சோதனையை நடத்தியவர் ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியல் நிபுணர். எந்த ஆம்ப் பாடுகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. 1978-ல் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் முடிவு வந்தது: கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்லியிருந்தால் என்ன மார்க் வருமோ, அதேதான் வந்தது. தன் பழைய சரக்கும் புதுச் சரக்கும் ஒன்றுதான் என்று ஒரு முதலாளியே பணம் செலவழித்து நிரூபித்தது வேடிக்கைதான்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் மிஷிகன் மாநில ஆடியோ ஆர்வலர்கள் சிலர் இதற்கென்றே ரிலே வைத்த ஒரு பெட்டி கட்டினார்கள். பெயர் ஏபிஎக்ஸ். ஏ ஒரு ஆம்ப், பி இன்னொரு ஆம்ப், எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எது என்று பெட்டிதான் முடிவு செய்யும். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. எக்ஸ் யார் என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். யோசனை புதுசில்லை, பெல் ஆய்வகத்தின் மன்சனும் கார்ட்னரும் 1950-லேயே இந்தப் பெயரில் ஒரு முறையை எழுதியிருந்தார்கள். டேவிட் கிளார்க் 1982-ல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி இதழில் இந்தப் பெட்டியைப் பற்றி எழுதினார். கணக்கு எளிது. 16 தடவை கேட்டு 12 தடவை சரியாகச் சொன்னால், அது வெறும் அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு.

1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை இதைப் பெரிய அளவில் செய்தது. சுமார் 220 டாலர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப் வரை வரிசையாக வைத்து 25 பேரைக் கேட்க வைத்தார்கள். மொத்தத்தில் பூவா தலையா போட்ட மாதிரிதான் பதில்.

மறுபக்கத்துக்கும் பேச்சு இருக்கிறது. சுவிட்சே ஒலியைக் கெடுக்கிறது, பரீட்சை பதட்டத்தில் காது வேலை செய்யாது, ஒரு ஆம்பின் குணம் தெரிய மாதக்கணக்கில் கேட்க வேண்டும் என்றார்கள். இதில் ஒரு நியாயம் உண்டு: 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்பதும் 'வித்தியாசமே இல்லை' என்பதும் ஒன்றல்ல. உள்தடை அதிகமுள்ள வால்வு ஆம்ப், ஸ்பீக்கரின் தடை ஏறி இறங்கும்போது ஒலியையும் கொஞ்சம் ஏற்றி இறக்கும். அது காதுக்குக் கேட்கக்கூடிய வித்தியாசம்தான்.

இதைப் பிடித்துக்கொண்டவர் பாப் கார்வர். 1985-ல் 'ஸ்டீரியோஃபைல்' ஆசிரியர்களிடம், நீங்கள் புகழும் விலை உயர்ந்த வால்வு ஆம்பின் ஒலியை என் டிரான்சிஸ்டர் ஆம்பில் கொண்டுவருகிறேன் என்று சவால் விட்டார். ரெண்டு ஆம்புக்கும் ஒரே சிக்னல் கொடுத்து, ஸ்பீக்கரை இரண்டின் சிவப்பு முனைகளுக்கும் நடுவில் மாட்டினார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் ஸ்பீக்கர் பேசாது. பேசுகிற மிச்சம்தான் வித்தியாசம். அந்த மிச்சம் கிட்டத்தட்ட மறையும்வரை உள்ளே திருத்திக்கொண்டே இருந்தார். ஆசிரியர்கள் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார்கள். பின்னால் கடைக்கு வந்த மாடலும் அதே அளவு பொருந்துகிறதா என்று அதே பத்திரிகை சந்தேகம் கிளப்பியது தனிக்கதை.

இத்தனை படித்த பிறகு நானும் ஒரு சுவிட்ச் கட்டினேன். அதைவிட முக்கியம், மல்டிமீட்டர் வைத்து ரெண்டு ஆம்பின் வால்யூமையும் சமப்படுத்தினேன். இதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். ஒரு டெசிபல் என்றால் 26 சதவீதம் கூடுதல் பவர். ஆனால் காது அதை 'சத்தம் அதிகம்' என்று சொல்லாது, 'தெளிவு அதிகம்' என்று சொல்லும். பார்த்தால் புதுசு ஒன்றரை டெசிபல் அதிகமாகப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது!

ஆம்புகள் மேல் துணியைப் போர்த்திவிட்டு, தம்பி மகனைக் காசு சுண்டி சுவிட்சைத் திருப்பச் சொன்னேன். 16-க்கு 9. "பெரியப்பா, ஃபெயிலா?" என்றான்.

இப்போது புதுசு அவன் வீட்டில் இருக்கிறது. பழசில்தான் பாட்டு கேட்கிறேன். வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் ரொம்பத் தெளிவாக இருக்கிறது.