முன்னங்கால் எலும்பு

நந்தி ஆற்றில் மணல் தோண்டிய பள்ளத்தின் ஓரம், மழைக்கப்புறம் கரை சரிந்த இடத்தில் ஒரு எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சாண் நீளம். செம்மண் ஏறி, கையில் எடுத்தால் கனமாக இருந்தது. பழைய தினத்தந்தியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கொண்டுவந்ததற்குக் காரணம் ஆசைதான். திருத்தணிக்குக் கிழக்கே, இதே கொசஸ்தலை ஆற்றுப் படுகையில்தான் அத்திரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 1999 முதல் சாந்தி பப்புவும் அவர் குழுவும் தோண்டினார்கள். அடிமட்டத்துக் கைக்கோடரிகளுக்குப் பதினைந்து லட்சம் வருடம் என்று 2011இல் அறிவித்தார்கள். கல் ஆயிரக்கணக்கில் கிடைத்த அந்த இடத்தில் விலங்கின் உடம்பிலிருந்து கிடைத்ததோ மூன்றே மூன்று பற்கள். மாடோ எருமையோ ஒன்று, குதிரை இனத்தது ஒன்று, மானோ ஆடோ இன்னொன்று. பல் நிற்கும்; எலும்பு மக்கிப்போகும். அப்படியிருக்க முழுசாக ஒரு எலும்பு என் கையில்!

பழைய எலும்பு நாக்கில் ஒட்டும் என்று படித்திருந்தேன். சத்தெல்லாம் போய்ப் பொத்தலாகிவிட்ட எலும்பு ஈரத்தை இழுக்குமாம். வைத்துப் பார்த்தேன். ஒட்டியது மாதிரியும் இருந்தது, ஒட்டாதது மாதிரியும் இருந்தது. கடைசியில் பெரியப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

பெரியப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1இல்தான் சித்தூர் மாவட்டத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. அவர் இன்னமும் காசை ஒகட்டி, ரெண்டு என்று தெலுங்கில்தான் எண்ணுவார். பள்ளிக்கூடம் போனதில்லை. எலும்பை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினார்.

“இன்னாடா, எருமக் கால எட்டினு வந்துக்கிற?”

“எருமைன்னு எப்படித் தெரியும்?”

“மாட்டுக்கு இவ்ளோ மொத்தம் வராது. இது குட்டையா, அகலமாக்கீது பாரு. முன்னங்காலு. பின்னங்கால்னா நீட்டா, நாலு பக்கமும் சதுரமாக்கும். கீழ ரெண்டு உருளை இருக்குதில்ல? ரெண்டு குளம்புக்கும் ஆளுக்கு ஒண்ணு. குதிரைக்கு ஒண்ணுதான். கன்னுக்குட்டியும் இல்ல, மூட்டு ஒட்டிப்போச்சு.”

விலங்கெலும்பு ஆய்வைப் பாடமாக வைத்திருக்கும் கல்லூரிகளில் பார்க்கிற அடையாளங்களும் இவைதான். அங்கே ஒவ்வொரு விலங்கின் எலும்பையும் பெட்டி பெட்டியாக அடுக்கி, பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். பெரியப்பாவுக்குப் பெட்டி தேவைப்படவில்லை.

குளம்புக்குக் கொஞ்சம் மேலே குறுக்கே மூன்று கோடுகள் இருந்தன. நான் உற்சாகமாக, “கறி வெட்டின தடமா?” என்றேன். சிரித்தார். “அங்க ஏதுடா கறி? நரம்பும் தோலும்தான். தோல உரிக்கசொல்லோ கால சுத்திப் போடுற கோடு அது.” அப்புறம் கம்பியைக் காய்ச்சி எலும்பின் மேல் வைக்கச் சொன்னார். மயிர் கருகுகிற நாற்றம் குப்பென்று வந்தது. பதினைந்து லட்சம் வருடம் அந்தப் புகையோடு போனது.

“எங்க எடுத்த? அந்தச் சரிவுலயா? அங்கதான் எங்கப்பன் உரிப்பாரு. அவர் கத்தியா இருந்தாலும் இருக்கும்.”

நான் பார்த்திராத தாத்தா. அவருக்குப் போட்டோ கிடையாது. பட்டா கிடையாது. மூன்று கோடு இருக்கிறது.

கல்லூரியில் படிக்கும்போது சேரியில் கூட்டம் போட்டு, இனிமேல் ஊருக்குள் செத்த மாட்டைத் தூக்கப் போவதில்லை என்று தீர்மானம் போட்டவர்களில் நானும் ஒருவன். அதை இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்தவர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, அங்கே தலித்துகள் மாட்டுப் பிணங்களைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அதுவும் சரிதான். பெரியப்பா அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினார், கத்தியைத் தூக்கிப் பரணில் போட்டார். கத்தியோடு வேறு எதுவெல்லாம் பரணுக்குப் போகிறது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இழிவை ஒழிப்பதும் அறிவை இழப்பதும் ஒரே நாளில் நடந்தன.

கீழடி பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். வைகைக் கரையில் எடுத்த 70 எலும்புத் துண்டுகளைப் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, நீலமான், கலைமான், காட்டுப்பன்றி, மயில் என்று இனம் பிரித்து வந்தது. மாடும் எருமையும் ஆடுகளுமாகச் சேர்ந்து 53 சதவீதம். வெட்டுத் தடம் மான், வெள்ளாடு, காட்டுப்பன்றி எலும்புகளில் இருந்ததால் அவற்றைத் தின்றிருக்கலாம் என்கிறது அறிக்கை. மாடு வேளாண்மைக்கு.

ஆய்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. தடம் இருந்ததைத் தடம் என்று எழுதினார்கள். ஆனால் அதைக் கையிலெடுத்துக்கொண்டு ‘தமிழன் மாட்டை உழவுக்கு மட்டுமே வைத்திருந்தான்’ என்று மேடையில் முழங்குகிறவர்களிடம்தான் நமக்கு வழக்கு. சங்கப் பாட்டையாவது படித்தார்களா? அகநானூறு 309இல் ஆநிரை கவர்ந்த மழவர்கள் வேப்பமரத்துக் கடவுளுக்குக் கொழுத்த ஆவைப் பலியிட்டு, அதன் ஊனைப் புழுக்கித் தின்கிறார்கள். எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு இந்தப் பாட்டு வரும்போது மட்டும் ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று சொன்னார்கள். அம்பேத்கர் தீண்டப்படாதவர்கள் யார் என்று கேட்டு எழுதிய நூல் 1948இல் வந்தது. எல்லோரும் தின்றதுதான் மாட்டுக்கறி, பார்ப்பனர்கள் அதை விட்டுப் பசுவைப் புனிதமாக்கிய பிறகும் தின்றவர்கள் தீண்டத்தகாதவர்களாக ஆக்கப்பட்டார்கள், அது ஏறக்குறைய கி.பி. 400 வாக்கில் நடந்தது என்பது அவர் வாதம். ஏற்பதோ மறுப்பதோ அப்புறம். அவர் நூல்களிலிருந்து எடுத்த வாதம் அது. மண்ணிலிருந்து வரும் எலும்பை அந்த வாதத்தோடு வைத்துப் பார்க்கிற வேலை தமிழில் இன்னும் சரியாகத் தொடங்கவில்லை.

பெரியப்பாவுக்குக் கீழடி அறிக்கையை வாசித்துச் சொன்னேன். உழவுக்கு வைத்திருந்தார்கள் என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“சரி, உழுதுச்சி. செத்துதில்ல? செத்தப்புறம் இன்னா பண்ணாங்க? கவலைச் சாலு எதுல தெச்சாங்க? பறைக்குத் தோலு எங்கேந்து வந்துச்சி? யார் உரிச்சாங்க?”

அறிக்கையில் அது இல்லை என்றேன்.

“காலெலும்பக் கேளு. குளம்புக்கு மேல சுத்திக் கோடு இருக்குதா பாக்கச் சொல்லு” என்றார். எலும்பைத் தினத்தந்தியில் சுற்றி என்னிடம் தரவில்லை. எழுந்து போய்ப் பரணில் கத்திப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.