மூன்று பொருள், ஒரு கண்

டேராடூனுக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. பெண் இங்கே பள்ளி என்சிசியில் இருக்கிறாள். போன மாதம் முகாமிலிருந்து வந்தவள் பையை மூலையில் போட்டுவிட்டு உம்மென்று உட்கார்ந்திருந்தாள். ராத்திரி தோசை சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. .22 ரைஃபிளில் 25 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டிருக்கிறாள். ஐந்தும் ஐந்து திசையில் போயிருக்கின்றன. பக்கத்தில் நின்ற ஒருவர், கண்ணாடி போட்ட பெண்ணுக்கு இதெல்லாம் சரிப்படாது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டாராம். அணித் தேர்வுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி.

"அப்பா, டெலஸ்கோப் மாட்டினா நல்லா சுட முடியுமா?"

நான் சாலை சர்வே செய்கிறவன். பகலெல்லாம் தியோடலைட்டில் கண்ணை வைத்திருக்கிறேன். அதனால் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததில் கிடைத்தது நூற்றைம்பது வருஷக் கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். சாதாரண ரைஃபிளில் பின்னால் ஒரு பிளவு, முன்னால் குழல் நுனியில் ஒரு முள். அதற்கப்பால் இலக்கு. இந்த மூன்றையும் ஒரே கோட்டில் வைப்பதைத்தான் என்சிசியில் 'ஷிஸ்த்' என்பார்கள். பிளவு கண்ணிலிருந்து ஒரு முழத் தூரம், முள் முக்கால் மீட்டருக்கு மேல், இலக்கோ 25 அல்லது 50 மீட்டர். மனிதக் கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். மற்ற இரண்டும் மங்கும். இளம் கண் வேகமாக மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடும். நாற்பத்தைந்து தாண்டினால் முதலில் பிளவு கரையும் (எனக்குக் கரைந்தே போய்விட்டது).

இதற்கு முதல் நல்ல விடை துளைப் பார்வை. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் வில்லியம் லைமன் 1879-ல் காப்புரிமை வாங்கினார். பிளவுக்குப் பதில் கண்ணுக்கு அருகில் ஒரு சிறு வளையம். வளையத்தைப் பார்க்கவே வேண்டாம், அதன் வழியாகப் பார்த்தால் போதும். கண் தானாகவே நடுவுக்கு வந்துவிடும். மூன்று பொருள் இரண்டாகிவிட்டது! துளை சிறியதாக இருந்தால் தெளிவும் கூடும். கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றிவிட்டு, தபால் அட்டையில் ஊசியால் துளை போட்டு அதன் வழியே காலண்டரைப் பாருங்கள், எழுத்து கூர்மையாகும்.

அடுத்த கட்டம் அமெரிக்க விவசாயிகளின் வயலில் நடந்தது. அங்கே உட்சக் என்று ஒரு பிராணி. நம்மூர்ப் பெருச்சாளியைவிடப் பெரியது, கொழுத்தது, வயலெல்லாம் வளை தோண்டும். பயிரைத் தின்னும். வளையில் குதிரையின் கால் மாட்டினால் ஒடிந்துவிடும். இப்படிப்பட்ட பிராணிகளை 'வார்மின்ட்' என்பார்கள். 'வெர்மின்' என்ற சொல்லின் திரிபு. .22 ரைஃபிளால் கிட்டத்தில்தான் சுட முடிந்தது. தூரம் போனால் குண்டு இறங்கிவிடும்.

1920-களில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலையைச் சுற்றி இருந்த டவுன்சென்ட் வீலன், குரோவனர் வாட்கின்ஸ் போன்றவர்கள் 1885-ஆம் வருஷத்துப் பழைய கருமருந்துத் தோட்டா ஒன்றை எடுத்துப் புது மருந்தில் வேகமாக்கினார்கள். அதுதான் .22 ஹார்னெட். 1930-ல் வின்செஸ்டர் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குண்டு 45 கிரெயின், 3 கிராம்கூட இல்லை. வேகம் விநாடிக்கு 700 மீட்டருக்கு மேல். 150 கஜத்தில் உட்சக்கைச் சுடலாம் என்றாயிற்று.

ஆனால் பார்க்க முடியவில்லையே! கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் முள்ளின் அகலம் 1.6 மில்லிமீட்டர், கண்ணிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருக்கிறது. 150 கஜத்தில் அது சுமார் 27 சென்டிமீட்டரை மறைக்கும். பிராணியே முள்ளுக்குள் ஒளிந்துகொள்ளும். தோட்டா முந்திப் போய்விட்டது, பார்வை பின்தங்கிவிட்டது.

டெலஸ்கோப் அப்போது இல்லாமலில்லை. நியூயார்க் மாநிலம் சிரக்யூஸில் வில்லியம் மால்கம் 1855-லேயே செய்யத் தொடங்கிவிட்டார். குழல் நீளத்துக்கு டெலஸ்கோப்! வின்செஸ்டர் 1910-ல் கொண்டுவந்த ஏ5 இன்னும் கைக்கடக்கம், ஆனாலும் திருத்தும் திருகுகள் வெளியே மவுண்ட்டில் இருந்தன. ஜெர்மன் டெலஸ்கோப் நல்லது, ஆனால் மவுண்ட்டோடு சேர்த்தால் சாதாரண விவசாயிக்கு எட்டாத விலை.

1930-ல் கென்டக்கியில் வில்லியம் வீவர் என்ற இளைஞர் 330 என்று ஒன்று செய்தார். மூன்று மடங்கு பெரிதாக்கும், முக்கால் அங்குலக் குழாய், திருத்தம் உள்ளேயே. மவுண்ட்டோடு 19 டாலர். மூன்றே வருஷத்தில் தொழிலை டெக்சாஸில் எல் பாசோவுக்குக் கொண்டுபோனார். இலேசான ரைஃபிளுக்கு இலேசான டெலஸ்கோப், விவசாயி வாங்கும் விலையில்.

மூன்று மடங்குதானா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பெரிதாக்குவது டெலஸ்கோப்பின் இரண்டாவது வேலைதான். முதல் வேலை, குறுக்குக்கம்பியையும் இலக்கையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து நிறுத்துவது. கண் ஒரே ஒரு தூரத்தைப் பார்த்தால் போதும். மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகிவிட்டது.

அந்த ஒரே தளம் கச்சிதமாக அமையாவிட்டால் பாரலாக்ஸ். தியோடலைட் பிடித்தவர்களுக்குத் தெரியும், கண்ணை நகர்த்தினால் கம்பியும் நகரும். 100 கஜத்துக்குச் சரிசெய்த 32 மில்லிமீட்டர் டெலஸ்கோப்பில் 50 கஜ இலக்கைப் பார்த்தால், கண் ஓரத்துக்குப் போகும்போது 8 மில்லிமீட்டர் வரை பிழை வரலாம். அதனால்தான் .22-க்கென்று விற்கும் டெலஸ்கோப்புகளை 50 கஜத்துக்குச் சரிசெய்கிறார்கள். வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

ஒளியும் ஒரு பிரச்சினை. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 1935-ல் ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகூலா கண்டுபிடித்த பூச்சு இதைத் தீர்த்தது. மீதியிருந்த உள்பனியை, நைட்ரஜன் நிரப்பி லூப்போல்ட் போன்றவர்கள் 1940-களின் கடைசியில் ஒழித்தார்கள். லூப்போல்ட் அதற்கு முன் சர்வே கருவி செய்தவர்கள். எங்கள் ஜாதி :-)

பிறகு வேகம் கூடிய தோட்டாக்கள் வந்தன. 1935-ல் .220 ஸ்விஃப்ட், 1950-ல் .222 ரெமிங்டன். கூடவே பத்து, பன்னிரண்டு மடங்கு டெலஸ்கோப்புகளும். கனத்த ரைஃபிளுக்கு அவை சரி. இலேசான ரைஃபிளில் இலக்கோடு சேர்ந்து உங்கள் மூச்சும் கை நடுக்கமும் கானல் அலையும் பத்து மடங்காகும். மேலே பாரம் ஏறி ரைஃபிள் தலைகனத்துப் போகும். 32 மில்லிமீட்டரை நான்கால் வகுத்தால் கண்ணுக்கு 8 மில்லிமீட்டர் ஒளிவட்டம் கிடைக்கும். பத்தால் வகுத்தால் 3.2 தான். சிறிய ரைஃபிளுக்கு நான்கு மடங்கு போதும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்தியாவில் 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை படிப்படியாக முடிந்துவிட்டது. 2016-ல் இந்த உத்தராகண்டிலேயே காட்டுப்பன்றியை ஒரு வருஷத்துக்கு 'வெர்மின்' என்று அறிவித்தார்கள். ஆனால் பன்றி சிறு தோட்டாவுக்கான பிராணி இல்லை, காயம்பட்டு ஓடி எங்கேயாவது சாகும். நம் பிள்ளைகளுக்கு .22 என்றால் அட்டை இலக்குதான்.

அங்கேயும் டெலஸ்கோப் கிடையாது. ஒலிம்பிக் 10 மீட்டர், 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளில் அதற்கு அனுமதியில்லை, லைமன் வழி வந்த துளைப் பார்வைதான். கண்பார்வைக்கான கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். 2008 பெய்ஜிங்கில் 700.5 புள்ளியோடு தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ரா இதே டேராடூனில் பிறந்தவர். கண்ணாடிக்காரர்!

இதையெல்லாம் பெண்ணிடம் சொல்லிவிட்டு ஒரே கேள்வி கேட்டேன்.

"சுடும்போது எதைப் பாத்தே?"

"டார்கெட்டைத்தான்பா. வேற எதைப் பாக்கணும்?"

அங்கேதான் கோளாறு. மூன்றில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்க முடியுமென்றால், அது முன் முள்ளாக இருக்க வேண்டும். இலக்கு கொஞ்சம் மங்கினால் பிழை கொஞ்சம்தான். முள் பிளவுக்குள் ஒரு மில்லிமீட்டர் விலகினால், அரை மீட்டர் இடைவெளியுள்ள ரைஃபிளில் 25 மீட்டருக்கு அது ஐந்து சென்டிமீட்டர்.

ஒரு வாரம் ஹாலில் துடைப்பக் கட்டையை நீட்டிப் பிடித்து, நுனியை மட்டும் பார்க்கப் பழகினாள். வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். போன ஞாயிறு தேர்வு. ஐந்தில் நான்கு ஒரு டம்ளர் வாய்க்குள் அடங்கியிருக்கிறது, ஒன்று மட்டும் வெளியே.

அணியில் இடம் கிடைத்ததா என்று அடுத்த வாரம்தான் சொல்வார்களாம். கண்ணாடியைப் பற்றி இந்தத் தடவை யாரும் எதுவும் சொல்லவில்லையாம்.