லினக்சும் இரட்டைக்கொம்பும்

1991ஆம் ஆண்டைத் தமிழ்க் கணிமை வரலாற்றில் அடிக்கோடிட்டு வைக்கலாம். அவ்வாண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எனும் 21 வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும் அது வெறும் பொழுதுபோக்கு முயற்சியே என்றும் மினிக்ஸ் பயனர்களிடையே அறிவித்தார். அக்டோபரில் ஒருங்குறியின் முதற்பதிப்பு நூலாக வெளிவந்தது. அதில் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இவ்விரண்டுக்கும் அன்று எவ்விதத் தொடர்பும் இல்லை. இரண்டும் நம் மொழிக்காகக் கைகோப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றன. அதுவரை திரையில் தமிழ் பட்ட பாடு பெரும்பாடு.

(இடையில் ஒரு செய்தி. டோர்வால்ட்சின் தாய்மொழி பின்னிய மொழி அன்று, சுவீடிய மொழி. பின்லாந்தில் நூற்றுக்கு ஐவர் அளவில்தான் அதனைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எனக்கு ஏனோ இச்செய்தி இனிக்கிறது.)

அக்காலக் கணினியில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு. ஆக மொத்தம் 256 இடங்கள். அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்திற்குப் போய்விடும். எஞ்சிய பாதியில் நம் 247 எழுத்துகளை எப்படி அடக்குவது? எழுத்துகளை உடைத்தார்கள். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம், அகர உயிர்மெய் ஓரிடம் என அடுக்கினார்கள். எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி அடுக்கியதுதான் சிக்கல். பாமினி போன்றவை ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை ஏற்றின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி ஆகியவைதாம் வரிசையாக நிற்கும்!

இச்சிக்கலை அவிழ்க்க முன்வந்தவர்களுள் நம் வட்டாரத்தினர் பலர். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளர், ‘கணியன்’ முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழும் உடன் ஏறியதற்கு அவரும் ஒரு காரணர். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாட்டிலும் அவர் பங்கு பெரிது. 1999இல் அவர் மறைந்தார். ஆசிரியர்களுக்குக் கற்பித்தவர் ஒருவர் கணினிக்கும் தமிழ் கற்பித்தார் என்பதை நம் பயிற்சிக் கழகங்களில் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.

சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் உள்ளிட்டோர், பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்வழிக் கருத்தாடி ‘திஸ்கி’ எனும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். அது பேருதவி. ஆயினும் திரையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அது எழுத்துகளைச் சேமித்தது. ‘கோ’ என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். மாணவர் பெயர்ப் பட்டியலை அப்படியே அகரவரிசைப்படுத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கோமதி, கமலாவையும் குமாரையும் விட்டு நீங்கி, சேகரோடும் தேவியோடும் போய் நிற்பாள். மூவருக்கும் முன்னால் நிற்பது அதே கொம்பு!

ஒருங்குறியில் ககரம் முதலில். ஓகாரக் குறி அடுத்து. கொம்பை இடப்பக்கம் கொண்டுசெல்வது எழுத்துகளை வரையும் நிரலின் வேலை. (ஒருங்குறியும் குறையற்றதன்று. இறுதியில் நிற்கவேண்டிய னகரத்தை நகரத்திற்கு அடுத்து உட்காரவைத்துவிட்டது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு ‘தேஸ் 16’ எனும் மாற்றுக் குறியீட்டையும் ஏற்றமைக்கு இத்தகைய குறைபாடுகளும் காரணம்.)

2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000இல் ‘லதா’ எழுத்துருவுடன் தமிழ் வந்தது. லினக்சிலோ, ரெட் ஹேட் 8.0 பதிப்பு 2002இல் ஒருங்குறியை இயல்பிருப்பாக்கிய பின்னரும், கொம்பு ககரத்தின் வலப்பக்கம் புள்ளி வட்டத்தோடு தொங்கிக்கொண்டிருந்த காட்சியைப் பலர் கண்டிருப்பர். வேறுபாடு யாதெனில், லினக்சில் அந்நிரலைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். பேங்கோ, க்யூட்டி ஆகிய நிரல்தொகுப்புகள் நம் எழுத்தைக் கோக்கக் கற்றுக்கொண்டது அவ்வாறுதான். பின்னர் அப்பணியை ‘ஹார்ஃப்பஸ்’ ஏற்றது. பெயர் பாரசீகச் சொல். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தமிழை வரைந்து காட்டுவதும் அதுவே. 2013இல் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் மடிக்கணினிகளின் உள்ளே இருந்ததும் லினக்ஸ் கருதான். ஆசிரியர் அறையில் எத்தனை பேர் இதை அறிந்திருந்தோம்!

எல்லாம் நலமே. ஆனால் பழைய கோப்புகள்? பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர், படிநிலை ஒன்று மாணவர்களுக்காகத் தாமே எழுதிய கதைகளை ஒரு குறுவட்டில் என்னிடம் ஒப்படைத்தார். திஸ்கியில் இருந்திருந்தால் மாற்றி ஒன்று சில நொடிகளில் ஒருங்குறியாக்கியிருக்கும். இவையோ, இன்று இல்லாத ஒரு நிறுவனத்தின் தனி எழுத்துருவில் உள்ளவை. அதன் அடுக்குமுறை எங்கும் வெளியிடப்படவில்லை. எழுத்துருக் கோப்பும் கிடைக்கவில்லை. நல்லவேளையாக, இரண்டு கதைகளின் அச்சுப்படி மட்டும் ஐயாவிடம் இருந்தது. அதையும் திரையில் தெரியும் குறிகளையும் அருகருகே வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று அட்டவணை இட்டு வருகிறேன். என் உபுண்டு கணினியில் பத்து வரி பைத்தன் நிரல் மீதி வேலையைச் செய்கிறது. ஔகாரமும் ‘ஙு’வும் அவ்விரு கதைகளில் ஓரிடத்திலும் வரவில்லை. ஆகவே அவ்விரு இடங்கள் இன்னும் வெற்றாகவே உள்ளன.