ஓஹாயோவிலிருந்து ஜெராம் வரை: ஒரு கார்ட்லெஸ் போனின் பயணம்

கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூருக்குப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் காப்பாரைத் தாண்டினால் ஜெராம். கடல் பக்கம் சுட்ட மீன் கடைகள். எதிர்ப்பக்கம் உள்ளே போகப் போகச் செம்பனை. பால் மரங்கள் நின்ற காலம் தொட்டே இந்தத் தோட்டங்களில் தொலைபேசி, ஆபீஸ் எழுத்தரான கிராணியின் மேசைக்குச் சொந்தமான பொருள். கனத்த கறுப்புக் கருவி, சுருண்ட கம்பி. லயத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தாலும் பிரசவ வலி எடுத்தாலும், தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸரால் சமாளிக்க முடியாத நிலையில், யாராவது ஆபீசுக்கு ஓட வேண்டும். ஆபீஸ் பூட்டியிருந்தால் கிராணி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். மேசையை விட்டு நகராத பேசியால் எத்தனை ஓட்டம் என்று நினைத்துப் பார்த்தால்தான், அந்தக் கம்பியை அறுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

அறுத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து ஜார்ஜ் ஸ்வைகர்ட். பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்தியவர். வானொலி அலை வழியாகத் தொலைபேசியைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவிக்கு 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் காப்புரிமை பெற்றார். கடைகளில் அது பரவலாக வந்தது 1980-களில்தான். இழுத்து நீட்டும் ஆன்டெனா, கரகரப்பு, 50 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழான அலை. இந்தத் தலைமுறைக் கருவியில் ரகசியம் என்பதே கிடையாது. சாதாரண ஸ்கேனர் வானொலி ஒன்று இருந்தால் பக்கத்து வீட்டுப் பேச்சு முழுக்கக் காதில் விழும். சம்பளப் பட்டியலும் தொழிலாளரின் வைத்திய விவரமும் பேசப்படும் ஆபீசுக்கு அது ஏற்றதாக இருக்கவில்லை.

மாற்றம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அங்குள்ள தொலைத்தொடர்புத் தரநிலை நிறுவனம் 'டெக்ட்' முறையை வகுத்தது. 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இடம், அதில் பத்து அலைவரிசைகள். ஒவ்வொன்றும் நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தை 24 துண்டுகளாக வெட்டி, 12 பேச்சுகளை ஒரே சமயத்தில் சுமக்கும். பத்துக்குப் பன்னிரண்டு, 120 வழிகள். பேசிக்கொண்டிருக்கும்போதே கருவி எந்த வழி சுத்தமாக இருக்கிறது என்று தானாகக் கேட்டுத் தாவிவிடும். கிராணிக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும். தானாக ஒதுங்கிப் போகும் இந்தக் குணத்துக்காகவே இதை இந்த வகைக் கருவிகளில் மிகச் சிறந்ததாக மதிக்கிறேன்.

இந்தக் கருவிகளைச் செய்த ஊர்களில் மலேசியாவும் உண்டு. ஜோகூரில் பானாசோனிக்கின் தொழிற்சாலை கார்ட்லெஸ் போன்களைத் தயாரித்து உலகுக்கு அனுப்பியது.

ஆனால் எல்லாக் கருவியும் நேர்வழியில் வருவதில்லை. அமெரிக்காவில் விற்கும் 'டெக்ட் 6.0' கருவிகள் 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. மலேசியாவில் அது கைத்தொலைபேசிகள் கோபுரத்தோடு பேசும் இடம். வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்பாக வாங்கிவந்த அத்தகைய போனைச் செருகினால், சுற்றுவட்டாரத்தில் 3ஜி சேவை தடுமாறியது. அதனால்தான் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அந்த வகையைத் தடைசெய்தது. 3ஜி 2021 இறுதியில் மூடப்பட்டுவிட்டது. அந்த அலைகள் இன்றும் கைத்தொலைபேசிச் சேவைக்கே உரியவை. வாங்கும்போது சிரிமின் சான்று ஒட்டுத்தாளைத் தேடிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆபீசுக்கு வந்து சேர்ந்த கருவியின் விதியைத் தீர்மானிப்பது, தொலைபேசி இணைப்பைத் தாங்கும் அதன் அடிப்பெட்டியான பேஸ் இருக்கும் இடம். திறந்த வெளியில் சுமார் 300 மீட்டர், கட்டடத்துக்குள் 50 மீட்டர் என்பது பொதுவான கணக்கு. தோட்ட ஆபீசில் அந்தக் கணக்கைத் துத்தநாகத் தகடும் இரும்பு அலமாரியும் குறைத்துவிடும். சம்பளக் கோப்புகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் பேஸை ஒளித்து வைத்தால், லாரி நிறுக்கும் தராசு வரை கூட எட்டாது. உயரமாக, சன்னல் பக்கம், கணினியிலிருந்தும் வைஃபை பெட்டியிலிருந்தும் ஒரு கை நீளம் தள்ளி வைக்க வேண்டும். பிறகு யாராவது ஹேண்ட்செட்டைக் காதில் வைத்துக்கொண்டு தராசு, உரக் கொட்டகை, பட்டறை என்று நடந்து, எங்கே குரல் அறுகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. செம்பனைக் குலை எடையும் லாரி எண்ணும் சொல்லும் நேரத்தில் அந்த எல்லையைத் தாண்டி நடந்தால், 'பதினேழு' என்பது 'ஏழு' ஆகிவிடும். எண்ணைச் சொன்னவர் நின்ற இடத்திலேயே நிற்க, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இந்தப் பயணத்தில் கருவிக்கு மிகக் கடினமான இடம் சிலாங்கூரின் மாலைப் பொழுது. உலகிலேயே இடி மின்னல் மிகுந்த வட்டாரங்களில் சிலாங்கூரும் ஒன்று. இங்கேதான் கார்ட்லெஸ்ஸின் பலமும் பலவீனமும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. மின்னல் வெளியே தொலைபேசிக் கம்பியில் இறங்கினால், கம்பியுள்ள பேசியைப் பிடித்திருப்பவரின் காதுவரை அது வரக்கூடும். ஹேண்ட்செட்டுக்கு அந்த ஆபத்து இல்லை. உடலுக்கும் கம்பிக்கும் இடையே காற்றுதான் இருக்கிறது. பேஸையும் அடாப்டரையும் தொடாமல் இருந்தால் போதும். ஆனால் அதே இடியில் மின்சாரம் போனால் நிலைமை தலைகீழ். பழைய கம்பிப் பேசிக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வரும், இருட்டிலும் பேசும். கார்ட்லெஸ்ஸின் பேஸ் சுவர் மின்சாரத்தை நம்பியது. அது அணைந்தால் கையிலுள்ள ஹேண்ட்செட்டில் முழுச் சார்ஜ் இருந்தும் பயனில்லை.

ஃபைபர் இணைப்பு வந்த பிறகு இந்தச் சிக்கல் கூடியிருக்கிறது. சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் வேண்டும். கம்பிப் பேசியைச் செருகினாலும் அங்கே பேசாது. ஆகவே பேஸ், பெட்டி, ரவுட்டர் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ் வைப்பதை நான் ஆடம்பரமாகக் கருதமாட்டேன். இவை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஆம்புலன்சைக் கூப்பிட்டு, அது வரும்வரை வழி சொல்லும் அவகாசம் கிடைக்கும். 999-க்குப் பேசுபவர் திணறாமல் இருக்க, தோட்டத்தின் பெயரையும் எந்தச் சாலையில் எந்த நுழைவாயில் என்பதையும் மலாயில் எழுதிப் பேஸின் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். இப்போது தோட்டங்களில் வேலை செய்வோரில் பலர் வெளிநாட்டினர். அவசரத்தில் பேசியைத் தூக்குவது கிராணியாகவே இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

ஹேண்ட்செட்டின் உயிர் அதன் முதுகில் இருக்கிறது. பெரும்பாலும் 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் இரண்டு. தீர்ந்துவிட்டது என்று சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பேட்டரியைப் போட்டால், சார்ஜ் ஏறும்போது அது கசியும், வெடிக்கவும் கூடும். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஜெராமின் கடற்காற்றில் சார்ஜ் ஏறும் உலோக முனைகள் சீக்கிரம் கறுத்துப் போகும். உலர்ந்த துணியால் மாதம் ஒருமுறை துடைத்தால் 'சார்ஜே நிற்கவில்லை' என்ற புகார்களில் பாதி போய்விடும். பலர் வாயருகே வைத்துப் பேசும் பொருள் என்பதால் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பதும் தேவை. நேராகத் தெளிக்கக் கூடாது, ஒலி ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கும்.

எண்ணெய் ஆலை இருக்கும் தோட்டத்தில் இன்னொரு எல்லை உண்டு. ஆலைக் கழிவுநீரிலிருந்து எழும் வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தாலே தீப்பிடித்து வெடிக்கும் நிலை. சாதாரண ஹேண்ட்செட் கீழே விழுந்து பேட்டரி கழன்றால் ஒரு பொறி போதும். வாயு சேகரிக்கும் பகுதிக்குள் அதற்கென்று சான்று பெற்ற கருவியைத் தவிர வேறு எதையும் கொண்டுபோகக் கூடாது.

அலைகளால் உடம்புக்குக் கெடுதலா என்று கேட்பவர்களுக்கு: பேசும்போது ஹேண்ட்செட் வெளியிடும் சராசரி ஆற்றல் சுமார் 10 மில்லிவாட்தான். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் வானொலி அலைகளைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையாக இருக்கலாம் என்ற 2பி வகையில் வைத்தது. அதற்குச் சான்று குறைவு என்றே சொன்னது. நீண்ட பேச்சுக்கு ஸ்பீக்கரைப் போடலாம். எனக்கு அதைவிடக் கவலை ரகசியத்தில்தான். 2008 டிசம்பரில் பெர்லினில் கூடிய கணினி ஆய்வாளர்கள், சங்கேதம் இல்லாமலே பேசும் டெக்ட் கருவிகள் பல இருப்பதை ஒட்டுக்கேட்டே காட்டினார்கள். பழைய கருவி என்றால் அதில் அடையாள அட்டை எண்ணையும் வங்கிக் கணக்கையும் படித்துக் காட்டாமல் இருப்பது நல்லது. கடையிலிருந்து வரும்போதே பல பேஸ்களில் இருக்கும் 0000 என்ற ரகசிய எண்ணையும் மாற்ற வேண்டும்.

கடைசியில் பேட்டரி செத்து, பொத்தான்கள் தேய்ந்த ஹேண்ட்செட் குப்பைக்குப் போகும். ஜெராமில் இதற்குத் தனி அர்த்தம் இருக்கிறது. 2007 முதல் சிலாங்கூரின் குப்பை வந்து சேரும் பெரிய நிலநிரப்பு மையம் ஜெராமில்தான் இயங்குகிறது. ஆபீஸ் குப்பைத்தொட்டியில் போட்ட ஹேண்ட்செட், தான் வேலை செய்த மண்ணிலேயே புதையலாம். நிக்கலும் ஈயமும், பழைய கருவியானால் காட்மியமும் அதோடு போகும். வீட்டுக் குப்பைக்காக அமைந்த இடம் அதற்கானதல்ல. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் இத்தகைய பேட்டரிக்கு எஸ்டபிள்யூ 103, மின்னணுக் கழிவுக்கு எஸ்டபிள்யூ 110 என்று தனித்தனிக் குறியீடு இருக்கிறது. தோட்டம் போன்ற தொழில் நிலையம் இவற்றைச் சுற்றுச்சூழல் துறை அனுமதித்த இடத்துக்கே அனுப்ப வேண்டும்.

அனுப்புவதற்கு முன் ஒன்று பார்க்கலாம். பேஸ் நன்றாக இருந்தால் அதையும் சேர்த்து எறிய வேண்டியதில்லை. டெக்ட் முறையில் ஒரு நிறுவனத்தின் பேஸில் மற்றொரு நிறுவனத்தின் ஹேண்ட்செட்டைப் பதிந்து, பேசவும் கேட்கவும் செய்யும் பொது ஏற்பாடு இருக்கிறது. பழைய ஹேண்ட்செட்டின் பதிவை நீக்கி, உள்ளிருக்கும் எண்களை அழித்துவிட்டு, புதியதை அதே பேஸில் சேர்க்கலாம்.