அமுல் பேபியும் டப்பாவுக்குள் இருக்கும் வைட்டமினும்

கொழுகொழுன்னு ஒரு குழந்தையைப் பார்த்தா நம்ம திண்டுக்கல் பக்கம் "அமுல் பேபி மாதிரி இருக்கான்"னு சொல்லுவாங்க. அதுக்கு முந்தின தலைமுறைக்கு அது "கிளாக்ஸோ பேபி". ரெண்டுமே பால்பவுடர் டப்பாவிலிருந்து வந்த பேர். அந்த டப்பாவுக்குள்ள வைட்டமின் எப்படி வந்தது, எவ்வளவு நாள் தங்கும்? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

பாலைச் சுட வைத்துப் பவுடராக்கும்போது வைட்டமின் சி-யும், பி1 எனப்படும் தயமினும் குறையும். வைட்டமின் டி பாலில் இயல்பிலேயே குறைவு. கிளாக்ஸோவில் வேலை பார்த்த வேதியியலாளர் ஹாரி ஜெஃப்காட் இதைக் கவனித்தார். 1924-ல் ஆஸ்டெலின் என்ற வைட்டமின் டி மருந்தை அந்தக் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு அதே வைட்டமின் பால்பவுடருக்குள்ளும் போனது.

இந்தியாவில் சிக்கல் வேற. இங்கே அதிகம் கிடைத்தது எருமைப்பால். கொழுப்பு ஜாஸ்தி, குழந்தை வயித்துல கெட்டியாத் திரியும். 1950-ல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், வி. சுப்பிரமணியன் இயக்குநராக இருந்தபோது, இதுக்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அதை வைத்துத்தான் ஆனந்தில் அமுல் குழந்தை உணவு தயாரானது. ஆனா கொழுப்பை எடுத்தா அதோடு வைட்டமின் ஏ-யும் போயிடும். அதனால் தனியாச் சேர்த்தே ஆகணும்.

சேர்த்தா முடிஞ்சதா? இல்லை. காற்று பட்டால் சி குறையும், வெளிச்சமும் காற்றும் பட்டால் ஏ குறையும். மே மாச திண்டுக்கல் வெயிலில் கடை அலமாரியில் நிற்கும் டப்பாவுக்குள் இது இன்னும் வேகமா நடக்கும். அதனாலதான் கம்பெனிகள் லேபிளில் போட்டிருப்பதைவிடக் கூடுதலாகச் சேர்க்கும். காலாவதி தேதி அன்னிக்கும் லேபிள் அளவு மிஞ்சியிருக்கணும் என்பது கணக்கு.

கணக்கு தப்பினா என்ன ஆகும்? 2003-ல் இஸ்ரேல் அதைப் பார்த்தது. ஜெர்மனியின் ஹுமானா தயாரித்து ரெமீடியா என்ற பேரில் விற்ற சோயா குழந்தை உணவில், செய்முறையை மாற்றும்போது தயமின் சேர்ப்பதை விட்டுட்டாங்க. சோயாவிலேயே போதுமான அளவு இருக்குன்னு நினைச்சாங்க. லேபிள் மட்டும் மாறலை. குழந்தைகள் இறந்தார்கள், பிழைத்த சிலருக்கு மூளை பாதிப்பு நிலைத்துவிட்டது.

எங்க தொழில் பாஷையில் சொன்னா, டெஸ்ட் பண்ணாம ரிலீஸ் பண்ணின கோட். ஆனா இங்கே ரோல்பேக் கிடையாது. மத்த சாப்பாட்டுல ஒண்ணு குறைஞ்சா இன்னொண்ணு ஈடுகட்டும். டப்பாப் பாலையே நம்பியிருக்கும் கைக்குழந்தைக்கு இன்னொண்ணு இல்லை. அதனால லேபிளில் இருக்கும் எண்ணை ஒவ்வொரு முறையும் ஆய்வகத்தில் யாராவது சரிபார்த்தே ஆகணும்.

வீட்டில் நம்மால் முடிஞ்சது சின்ன வேலை: திறந்த தேதியை டப்பா மேல எழுதுங்க, மூடியை இறுக்கி மூடுங்க, அடுப்புப் பக்கம் வைக்காதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.