மூச்சடக்கமும் மூச்சுக்கருவியும்

கொற்கை முத்தின் ஒளியைச் சங்கப் புலவர் பாடினர். அம்முத்தை எடுத்தவர் கடலடியில் எவ்வாறு உயிர் தாங்கினர் என்பது பற்றி ஏடுகள் கூறுவன சிலவே. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய ‘எரித்திரயக் கடற் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்க நூல், பாண்டியர் கொற்கையில் முத்துக்குளித்தோர் தண்டனை பெற்ற குற்றவாளிகள் எனக் குறிக்கின்றது. முத்தின் வரலாறு, ஒருவகையில், மூச்சின் வரலாறே ஆகும்.

மன்னார் வளைகுடாவில் நெடுங்காலம் வழங்கிய முறை எளியது. காலடியில் மாட்டிய கல்லின் கனத்தால் குளிப்பவர் விரைந்து இறங்குவார். அடக்கிய ஒரே மூச்சில் சிப்பிகளை வலைப்பையில் அள்ளுவார். கயிற்றை அசைத்ததும் தோணியிலுள்ளோர் மேலே இழுப்பர். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் வேண்டும் என்பது கடற்கரை வழக்கு. உடன்பிறந்தாளின் தாலி தன் கையில் இருப்பதை அவன் மறவான் அன்றோ!

19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் அகஸ்டஸ் சீபி என்பார் செம்புத் தலைக்கவசத்துடன் கூடிய மூழ்குடையைச் செப்பம் செய்தார். தகட்டைத் தட்டிக் குடமாக்கிப் பித்தளை வளையம் பொருத்தும் அவ்வேலையின் அருமையைப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும் காற்று மேலிருந்து பம்பு வழியாகவே வந்தது. குழாயின் நீளமே மூழ்குவோரின் எல்லையாயிற்று.

1943ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கூஸ்தோவும் காஞானும் அக்குழாயினின்று மனிதரை விடுவித்தனர். முதுகில் காற்று உருளை. அதன்மேல் காற்றை அளந்து தரும் கருவி. அதிலிருந்து இரு தோள்வழியே வாய்க்கு வரும் இரண்டு ரப்பர்க் குழாய்கள். ஒன்று காற்றைக் கொணரும். மற்றொன்று விட்ட மூச்சைத் தலைக்குப் பின்னே குமிழிகளாக வெளியேற்றும். இன்று பழம்பொருள் விரும்புவோர் தேடிப் பேணுவது இவ்விரட்டைக் குழாய்க் கருவியையே.

இதைப் பழகத் தொடங்குவோர் கற்கும் முதற்பாடம் வியப்புக்குரியது: மூச்சை அடக்கலாகாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையிலுள்ளதைப்போல் இரு மடங்கு. அங்கே உள்வாங்கிய காற்று மேலேறுகையில் இருமடங்காக விரியும்; அடக்கினால் நுரையீரல் கிழியும். கல்லைப் பற்றி இறங்கியவர்க்கு எது காவலோ, அதுவே கருவி பூண்டவர்க்குக் கூற்றம்.

தூத்துக்குடிக் கடலில் இக்கருவி முத்தெடுக்கப் புகவில்லை, ஆராயவே புகுந்தது. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வல்லுநர் பாஸ்கியேரி சால்வதோரி முத்து, சங்குப் படுகைகளைப் பற்றி அளித்த அறிக்கை 1960இல் வெளிவந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் படுகைகளில் மூழ்கித் தம் கண்ணாற் கண்டு எழுதினர். 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புகளோடு அம்மரபு அங்கு ஓய்ந்தது. 1973இல் அந்நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை விளைவித்தனர்.

ஆய்வாளர் பெயர்கள் ஏட்டில் நிற்கின்றன. மூச்சடக்கிக் கடலடியை அறிந்தோர் பெயர்கள் நிற்கவில்லை. ஆயினும் தொலையிரம் பார் என வழங்கிய பெயரை அறிவியலாரும் அவ்வாறே ஏற்றனர். அந்தச் சொல்லில் அவர்தம் மூச்சு இன்னும் உண்டு. முத்தைப் பாடும் கவிஞர்கள் அதனையும் பாடுதல் கடன்.