மின்னலைக் கேட்ட கருவி

பெங்களூரில் குடியேறிய தமிழர் பலர், இரவில் மத்திய அலையில் சென்னையையும் திருச்சியையும் தேடிப் பிடித்துக் கேட்டவர்கள். கோடை மழைக்காலத்தில், செய்தியின் நடுவே ‘கரகர’வென்று எழும் ஓசையை அவர்கள் வைதிருப்பார்கள். எங்கோ வெட்டும் மின்னலின் ஓசை அது. விந்தை என்னவெனில், வானொலியின் மூதாதைகளுள் ஒன்று அவ்வோசைக்காகவே பயன்பட்டது.

ருஷ்யக் கடற்படைப் பள்ளி ஆசிரியர் அலெக்சாந்தர் போபோவ், 1895 மே 7ஆம் நாள், பீட்டர்ஸ்பர்க் அறிஞர் சபையில் அக்கருவியைக் காட்டினார். கண்ணாடிக் குழாயில் இரும்புத்தூள், ஒரு மின்கலம், ஒரு மின்சார மணி, உயரே ஒரு கம்பி. நம் வீட்டிலேயே சேர்க்கத்தக்க பொருள்கள்தாம்! தொலைவில் மின்னல் வெட்டியதும் அதன் அலை கம்பியை வந்தடையும். உடனே தூள் ஒன்றோடொன்று பற்றி மின்சாரத்துக்கு வழிவிடும், மணி அடிக்கும். அம்மணியின் சுத்தியே குழாயையும் தட்டித் தூளைக் குலைத்து, அடுத்த மின்னலுக்கு ஆயத்தமாக்கும். இத்தட்டலே கருவியின் உயிர். அக்கோடையில் அது சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்த இடிமழையையும் உணர்ந்தது.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் 1960களில் பேராசிரியர் எஸ். வி. சந்திரசேகர ஐயா இவ்விரைச்சலை ஆராய்ந்தார். வெப்ப நாடுகளில் மின்னல் மிகுதி. இதனை மீறிப் பேச்சு தெளிவாகக் கேட்க, நிலையத்தின் அலை எவ்வளவு வலிவுடன் வந்து சேர வேண்டும்? குளிர் நாட்டுக் கணக்கு இங்கே போதாது.

பழைய டிரான்சிஸ்டர் பெட்டி இருந்தால், மத்திய அலையில் நிலையமில்லாத இடத்தில் முள்ளை நிறுத்திக் கேளுங்கள். மாடியில் கம்பி மட்டும் கட்ட வேண்டாம்.